மேல் சிலிண்டர் 65, கீழ் சிலிண்டர் 90

குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் அவுட்போர்டு இன்ஜின் பழுது பார்ப்பவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களில் ஓய்வே கிடையாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. தடையில் சிக்காத வள்ளக்காரர்கள் நாலு காசு பார்ப்பது அப்போதுதான். அந்த நேரம் பார்த்து இன்ஜின் படுத்தால் வீட்டில் அடுப்பு எரிவதே பாடாகிவிடும்.

நான் போன பட்டறையில், தண்ணீர் நிரப்பிய டிரம்மின் மேல் பழைய 9.9 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றை மாட்டியிருந்தார்கள். இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கிளப்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை.

"அலைக்கு எதிரா ஏறவே மாட்டேங்கு அண்ணே. ஹெட்டைக் கழட்டிப் பாத்திருங்க" என்றார் இன்ஜினைக் கொண்டுவந்த இளைஞர்.

"கழட்டுறது கடைசி மக்கா" என்றார் மெக்கானிக்.

இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தினார். இரண்டு பிளக்கையும் கழற்றினார். பிளக் வயர்களை இன்ஜின் உடம்போடு சேர்த்துக் கவ்வவிட்டார். அப்படிச் செய்யாவிட்டால் தீப்பொறி வெளியே பாய்ந்து எரிபொருள் ஆவி பற்றலாம், இக்னிஷன் யூனிட்டும் போகலாம். மேல் சிலிண்டரின் பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைத் திருகி, திராட்டிலை முழுக்கத் திறந்து, முள் இனி ஏறாது என்கிற வரை கயிற்றை இழுத்தார். 65 பிஎஸ்ஐ. கீழே 90.

90 நல்லதா என்று கேட்டேன். மண்ணெண்ணெய் இன்ஜினில் கம்ப்ரஷனைக் குறைத்தே வைத்திருப்பார்கள், பெட்ரோல் இன்ஜினின் கணக்கு இதற்கு ஒத்துவராது என்றார். கேஜுக்குக் கேஜ் முள்ளும் மாறும். அவர் பார்ப்பது இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தை. நூற்றுக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் போனால் கோளாறு. இங்கே கால் பங்குக்கும் மேல்.

பிறகு இரண்டு துளைகளிலும் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி இழுத்தார். எண்ணெயே இடத்தை அடைத்து அளவைக் கொஞ்சம் கூட்டும் என்பதால் ஒன்றில் மட்டும் விட்டால் ஏமாந்துபோவோம். கீழே சற்றே ஏறியது. மேலேயோ கிடுகிடுவென்று 88க்குப் போனது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலிருந்த கசிவை எண்ணெய் அடைத்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் இப்படி ஏறியிருக்காது.

ரிங் தேய்ந்திருக்கிறதா, கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அதற்கும் ஹெட்டைத் தொடவில்லை. எக்ஸாஸ்ட் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, துளை வழியாக என்னையும் பார்க்கச் சொன்னார். பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுங்கீறல் இல்லை. ரிங் மட்டும் தன் பள்ளத்துக்குள் கருத்துப் புதைந்து கிடந்தது. ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்தினால் உள்ளே போய் மீண்டு வர வேண்டியது, அசையவில்லை.

"எண்ணெய் எவ்வளவு ஊத்துற?"

"கூட ஊத்துனா இன்ஜினுக்கு நல்லதுன்னு..."

அந்த நம்பிக்கை இந்தக் கரை முழுக்க இருக்கிறது. எரிபொருளில் கூடுதலாகக் கலந்த எண்ணெய் எரியாமல் கரியாகி ரிங்கைக் கட்டிப்போடும். ஆனாலும் மேல் சிலிண்டர் மட்டும் ஏன் என்ற கேள்வியை அவர் விடவில்லை. டிரம்மில் ஓடியபோதே குளிர்விக்கும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது என்று சொல்லி, அடிப்பகுதியைப் பிரித்து, தண்ணீரை ஏற்றும் இம்பெல்லரை எடுத்தார். ரப்பர் இதழ்கள் ஒரே பக்கம் மடிந்து விறைத்திருந்தன. தண்ணீர் சரியாக ஏறாததால் மேல் சிலிண்டர்தான் முதலில் காய்ந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ரிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் புது ரிங்கும் அடுத்த சீசனைப் பார்த்திருக்காது. இந்த வேலையின் சாரம் இங்கேதான் என்று எனக்குப் பட்டது.

கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டார். மறுநாள் புது இம்பெல்லர் போட்டு இன்ஜினை ஓடவிட்டுப் புகை தெளிந்தபின் அளந்தபோது மேலே 84. இரண்டு சிலிண்டரின் எண்ணையும் தேதியோடு இன்ஜின் மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதினார். அடுத்த முறை யார் திறந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதற்குள் இன்னொரு இன்ஜின் வந்து இறங்கியிருந்தது. ஒரு பிளக் கரியே இல்லாமல் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தது. எண்ணெய் விட்டும் முள் ஏறவில்லை. உப்புநீர் உள்ளே போகிறது, இதைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றார். உப்பு கட்டிய ஹெட் போல்ட்டுகள் முறியாமல் வர, ஒவ்வொன்றையும் சூடுகாட்டித் தட்டத் தொடங்கினார்.