விடிகாலைக் காற்று

மார்கழியில் நெய்வேலிக்குப் போனால் என் அக்கா என்னைத் தூங்க விடமாட்டாள். ஐந்து மணிக்கே ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "எழுந்திருடா, நல்ல காத்து வாங்கு" என்பாள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. என் நாவல்களில் நல்லவர்கள் எல்லோரும் விடியற்காலையில் உலாவப் போகிறவர்கள்தாம்.

இம்முறை ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அக்காவுக்கு இழுப்பு. சாத்தியவன் அவள் மகன். காற்றின் மாசைக் கணக்கிடுவது அவன் படிப்பு. "மத்தியானம் திறக்கலாம்மா" என்கிறான் அவன். "உன் கணக்கை அடுப்பிலே போடு" என்கிறாள் இவள். பஞ்சாயத்துக்கு நான் அகப்பட்டேன்.

விஷயம் இதுதான். இரவில் தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்துப் படுத்துவிடுகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல் நிற்கிறது. தெருவில் எரிக்கும் சருகு, டீக்கடை அடுப்பு, லாரிப் புகை எல்லாம் அந்த மூடிக்குள்ளேதான். 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போனது நினைவிருக்கும்.

உயர்ந்த புகைபோக்கியின் சங்கதி நேர்மாறு. இரவில் அதன் புகை மூடிக்கு மேலே நாடாபோல் நெடுந்தூரம் ஓடிவிடும். வெயில் ஏறி மூடி கரைகையில், எங்கோ ஒரு கிராமத்தின் தலையில் இறங்கும். நடுப்பகலில் காற்று மேலும் கீழும் புரண்டு எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. ஆனால் அந்தப் புரளலே புகைபோக்கிக்குப் பக்கத்து ஊரில் புகையை இழுத்துக் கீழே போடவும் கூடும்.

பாஸ்குவில் என்ற ஆங்கிலேயர் 1961-இல் காற்றின் வேகம், வெயில், இரவின் மேகமூட்டம் இவற்றைக்கொண்டு காற்றின் குணத்தை ஆறு வகையாகப் பிரித்தார். அதே 1961 ஆகஸ்டில்தான் நெய்வேலிச் சுரங்கத்தில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இன்று கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை மணிக்கு மணி, கட்டம் கட்டமாகப் போடுகிறது.

மருமகன் திரையில் காட்டினான். கொட்டிய காப்பிபோல் ஒரு கறை நகர்ந்தது. மார்கழியில் வாடைக்காற்று, கறை தென்மேற்கே சாய்ந்தது. ஆடியில் மேல்காற்று, கிழக்கே உள்ள ஊர்களின் முறை. கதைக்காரன் புத்தி, எனக்குக் கறையைவிட அதன் அடியிலிருந்த ஊர்ப்பெயர்களில்தான் கண் போயிற்று.

"காத்தே அடிக்காவிட்டால்?" என்றேன்.

"அங்கேதான் மாமா தகராறு. இந்தச் சூத்திரத்தில் காற்றின் வேகத்தால் வகுக்கணும். வேகம் பூஜ்யமானால் கணக்கே நிற்காது."

அம்மாவுக்கு இழுக்கிற நேரமும் அசையாத அந்த விடிகாலைதான்! அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நுண்துகளுக்கு நம் நாட்டில் 2009-இல் வைத்த வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அதுவும் 24 மணி நேரச் சராசரி. நடுப்பகலில் 20, விடிகாலையில் 100 என்றிருந்தாலும் சராசரி அதற்குள் அடங்கிவிடலாம். இதை நான் விளக்கியபோது அக்கா கேட்டாள்: "நான் என்ன, சராசரியாவா மூச்சு விடறேன்?"

அப்புறம் ஜன்னல் சண்டை ஓய்ந்தது. பகல் பன்னிரண்டுக்குத் திறப்பதாக ஒப்புக்கொண்டாள்.

"வாசல் கோலத்தை என்னடா செய்ய? அதையும் மத்தியானம் போடவா?"

இதற்கு அவனிடம் கணக்கில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு எட்டிப் பார்த்தேன். அக்கா புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசத்துக்குள்ளிருந்து வசவு மட்டும் தாராளமாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மகன் கோலமாவுக் கிண்ணத்தை ஏந்தி நின்றான்.