மூணு, ரெண்டு, மூணு

திருப்பூணித்துறை கிழக்கே கோட்டைப் பக்கம் ஒரு டி.டி.பி. கடை. வாடகை ஒப்பந்தம் ஒன்றை மலையாளத்தில் அடித்து வாங்க வந்த என்னை முக்கால் மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டார்கள். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், எதிரே மூன்று திரைகள். ஓணத்தைத் தொடங்கிவைக்கிற அத்தம் நெருங்குகிற வாரம். அத்தச்சமய ஊர்வலத்துக்கான பேனர், கிளப் நோட்டீஸ் என்று மூன்றிலும் மலையாள எழுத்து உருண்டுகொண்டிருந்தது. நேர்கோட்டுக்கு அதிகம் வேலை வைக்காத லிபி அது.

அந்த உருண்டைகளுக்கு நடுவே ஒரு பெரியவர் கிராப் தாள் ஒன்றை விரித்தார். மடிப்புகளில் ஒட்டியிருந்த செல்லோடேப் பழுத்து, தேன் நிறமாகியிருந்தது. சிவப்பு மையால் கட்டம் கட்டமாக நிரப்பிய கோபுர வரிசை. காஞ்சிபுரத்துப் பட்டில் உடலும் கரையும் சேருகிற இடத்தில் பல் பல்லாக நிற்குமே, ரேக்கு, அதுதான். ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக எண்கள். கூட வந்த பேத்தி பள்ளி யூனிஃபார்மில் இருந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

“கிழியறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திடணும் தம்பி.”

“ரெண்டு மினிட் மதி, அங்கிளே.”

பையன் பொய் சொல்லவில்லை. ஸ்கேன் செய்தான், டிரேஸ் என்ற பொத்தானை அமுக்கினான், திரையைப் பெரியவர் பக்கம் திருப்பினான். கோபுரம் குல்ஃபி ஆகியிருந்தது. படிகளெல்லாம் உருகி, இரண்டு பக்கமும் வழவழவென்று இறங்கின.

மென்பொருளைக் குறை சொல்லவும் முடியாது. படிப்படியாக ஒரு விளிம்பைக் கண்டால் அதை யாரோ செய்த பிழை என்றுதான் அது நினைக்கும். பழைய வீடியோ கேம் பொம்மைகளின் கட்டங்களைக் கரைத்து வளைகோடாக்க 2011-ல் கோப்ஃப், லிஷின்ஸ்கி என்ற இரண்டு பேர் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். அந்த வித்தை பிறகு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலும் ஒரு கருவியாக வந்து உட்கார்ந்தது. வரைகலைக்காரர்கள் இத்தனை வருடமாகப் பாடுபட்டதெல்லாம் படியை ஒழிக்கத்தான். படி வேண்டும் என்று ஒருவர் தாளோடு வந்து நிற்பார் என யார் கண்டார்கள்?

பெரியவர் கோபப்படவில்லை. விரலால் திரையைத் தொட்டு, மேலிருந்து கீழே இழுத்தார்.

“தறியில கோடு சாயாதுப்பா. ஏறும், இல்ல தள்ளும். ரெண்டே வேலதான்.”

“தாத்தா, நான் போடறேன்” என்றாள் பேத்தி. பையனிடம் மலையாளத்துக்கு மாறினாள். “சேட்டா, ஒந்நு மாறுமோ?”

கேரளத்துப் பள்ளிகளில் வெகுகாலமாகக் கட்டற்ற மென்பொருள்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐ.டி. பாடத்தில் இங்க்ஸ்கேப்பைத் தொட்டிருப்பார்கள். கடைக் கணினியின் மூலையில் அது தூசி படிந்து கிடந்தது. திறந்தாள். ஒரு விசை, திரை முழுக்கக் கட்டம். இன்னொரு பொத்தான், சுட்டியின் முனை கட்டத்தின் மூலைகளில் காந்தம் மாதிரி ஒட்டத் தொடங்கியது. பேனாக் கருவியை எடுத்தாள். மேலே வரிசையாக இருந்த சின்னச் சின்னப் படங்களில் கடைசியைத் தட்டினாள். அந்த முறையில் கோடு ஒரு தடவை படுக்கும், அடுத்த தடவை நிமிரும்.

“சொல்லுங்க தாத்தா.”

அவர் தாளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“மூணு தள்ளு. ஏறு. ரெண்டு தள்ளு. ஏறு. மூணு தள்ளு. ஏறு.”

எட்டுக் கட்டத்துக்குள் மூன்று படி. பையன் எட்டிப் பார்த்து, “ரெண்டு, ரெண்டு, நாலு அல்லே எளுப்பம்?” என்றான். கூட்டினால் அதுவும் எட்டுதானே.

“நாலுல கோபுரம் உக்காந்துடும்பா.”

மூன்றே சொல்லில் முடித்துவிட்டார். எட்டை மூன்றால் வகுத்தால் இரண்டும் மிச்சமும் வரும். கட்டத்தை உடைக்க முடியாது. அந்த மிச்சத்தை எங்கே ஒளித்து வைப்பது என்பதில்தான் கோடு நேராகத் தெரிவதும் கூன் விழுவதும் இருக்கிறது. ஐ.பி.எம்.-மில் வேலை பார்த்த ஜாக் பிரெசென்ஹாம் 1962-ல் இதே சிக்கலில்தான் மாட்டினார். அவருடைய வரைபொறியின் பேனாவுக்கு எட்டே திசைகள்தான் தெரியும். ஒவ்வொரு அடியிலும் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே வந்து, அளவு மீறியதும் ஒரு படி ஏறு என்று முழு எண்களின் கூட்டல் கழித்தலிலேயே வழி கண்டார். 1965-ல் அச்சான அந்த வழிமுறையை இன்றைக்கும் கணினி வகுப்பில் அவர் பெயரைச் சொல்லித்தான் நடத்துகிறார்கள். கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

பாதிக் கோபுரம் வந்தது. ஆனால் விளிம்பெல்லாம் சாம்பல் பூத்து மங்கலாக இருந்தது. பேத்தி நகத்தைக் கடித்தாள். எனக்குக் காரணம் தெரியும். நானும் ஒரு காலத்தில் பக்க வடிவமைப்பில் குப்பை கொட்டியவன். ஒரு புள்ளி தடிமனுள்ள கோட்டைக் கட்டக்கோட்டின் மேலேயே போட்டால் அது இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை என்று கால் வைக்கும். அரைப் புள்ளியைத் திரையால் காட்ட முடியாது. இரண்டு புள்ளிகளையும் வெளிறவைத்துச் சமாளிக்கும். சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. பேசாமல் இருந்தேன்.

அவளே கண்டுபிடித்துவிட்டாள். கோட்டை அழித்தாள். ஓரத்தைச் சுற்றி மூடி, உள்ளே சிவப்பை நிரப்பி, வெளிக்கோடே இல்லாமல் செய்தாள். கத்தி போல நின்றது. எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆனது.

பிறகு பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தாள். படத்துக்குப் பின்னால் இருக்கிற வெறும் எழுத்து அது.

“தாத்தா, பாருங்க. நீங்க சொன்னதுதான் எழுதியிருக்கு. எச் 3, வி மைனஸ் 1, எச் 2, வி மைனஸ் 1...”

“எச்னா?”

“தள்ளு. வின்னா ஏறு.”

“ஏறுறதுக்கு எதுக்கு மைனஸு?”

“கம்ப்யூட்டர் மேலேருந்து எண்ணும் தாத்தா. ஏற ஏறக் குறையும்.”

பெரியவர் “ம்” என்றார். ஒத்துக்கொண்டாரா, விட்டுக்கொடுத்தாரா, சொல்ல முடியாது.

ஒரு விசையில் பாதிக் கோபுரத்தின் நகல் திரும்பி நின்றது. இரண்டையும் சேர்த்தாள். அவர் தலையைச் சாய்த்து, கிராப் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“குட்டையா இருக்கேம்மா.”

அப்போதுதான் கவனித்தேன். அவர் தாளில் கட்டம் சதுரமே இல்லை. அகலம் குறைவு, உயரம் கூடுதல். ஒரு இஞ்சில், தறியின் அச்சில் கோத்த பாவு இழை குறுக்கே ஓடும் ஊடையைவிட நெருக்கமாக இருந்தால் கட்டமும் அப்படித்தான் நெட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் ஒரு கோபுரமும் துணியில் வேறொரு கோபுரமும் வரும். எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் உருவம் தப்பிவிடும். பேத்தி ஸ்கேலை வாங்கித் தாளை அளந்தாள், உயரத்தை மட்டும் இழுத்தாள். கோபுரம் நிமிர்ந்தது. வரிசையாக நகல் எடுத்துப் பக்கம் பக்கமாக நிறுத்தினாள்.

இதற்குள் என் ஒப்பந்தம் தயாராகிவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு, மழையைச் சாக்கு வைத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன்.

லேசர் பிரிண்டர் முனகி, தாளைத் துப்பியது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு மடக்குக் கண்ணாடியை எடுத்தார். துணியின் மேல் வைத்து இழை எண்ணுகிற பித்தளைக் கண்ணாடி. அதைத் தாளின் மேல் நிறுத்தி, குனிந்து, ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

“பாப்பா, இதுலயும் புள்ளி புள்ளியாத்தான் இருக்கு.”

“ஆமா தாத்தா. பிரிண்டர் அப்படித்தான் போடும்.”

“இஞ்சுக்கு எத்தன?”

அவள் பையனைப் பார்த்தாள். “அறுநூறு” என்றான் அவன்.

பெரியவர் நிமிர்ந்து, பிரிண்டரை மேலும் கீழும் பார்த்தார்.

“இத்தன இழைக்கு அச்சு கட்டினது யாருப்பா?”