கோட்டை மாரியும் எங்கள் வீட்டு நேர்த்திக்கடனும்

திண்டுக்கல் என்றவுடன் வெளியூர்த் தோழியர் பூட்டைக் கேட்பார்கள்; சுருட்டைக் கேட்பார்கள்; இப்போது பிரியாணியையும் சேர்த்துக் கேட்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் முதலில் கோட்டை மாரியம்மனைத்தான் சொல்வார்கள். மாசி பிறந்துவிட்டால் ஊருக்கு வேறு பேச்சே இல்லை.

ஊருக்குப் பெயர் தந்த மலைமேல் நிற்கும் கோட்டையை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டத் தொடங்கினார் என்பது வரலாறு. 1755இல் ஹைதர் அலி இங்கே படைத்தலைவராக வந்தார். 1790இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இந்த இடைக்காலத்தில் திப்பு சுல்தானின் படைவீரர்கள் மலையடிவாரத்தில் அம்மன் சிலையை வைத்துக் கும்பிட்டார்கள் என்றும், அதுவே இன்றைய கோயில் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு முஸ்லிம் மன்னரின் படையாட்கள் வைத்த மாரியம்மன்! இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர் எவரும் வியப்பதில்லை. நான்தான் கல்லூரிக்கு வந்த பிறகு வியந்தேன். மன்னர்கள் போனார்கள், கும்பினியாரும் போனார்கள், கோட்டையில் இன்று படையும் இல்லை. கோட்டையின் பெயரைச் சுமந்துகொண்டு அவள் மட்டும் இருக்கிறாள்.

மாரி என்றால் மழை. எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு அது பெரிய சொல். ஆனால் எங்கள் வீட்டில் அவள் மழைக்கு வந்தவள் அல்லள், அம்மைக்கு வந்தவள். என் அப்பத்தாவின் முகமெல்லாம் பெரியம்மை வடு. அவளுடைய தம்பி அந்த நோயிலேயே போய்விட்டானாம். அப்பாவின் கையில் அம்மை குத்திய தழும்பு பெரிதாக இருக்கிறது. என் கையில் அது இல்லை. (என் தோளில் இருப்பது காசநோய்க்குப் போட்டது, அது வேறு.) மூன்று பேரையும் வரிசையாக உட்கார வைத்தால் ஒரு நோய் மறைந்த கதையைப் படித்துவிடலாம். ஜென்னர் 1796இல் மாட்டம்மைப் பாலைக் கொண்டு தொடங்கிய வேலை அது. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். வகுப்பில் பேராசிரியை இதை நடத்திய அன்று மாலை நான் அப்பத்தாவிடம் போய், "பெரியம்மை உலகத்தை விட்டே போயிடுச்சாம்" என்றேன். "ஆத்தா போகச் சொல்லிருப்பா" என்று வெற்றிலையை மடித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஊசி போட ஆள் வந்தபோது பயந்து ஓடாமல் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியவளும் அவளே.

எனக்கு வந்தது சின்னம்மை. பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியார் யாரும் உள்ளே வரக்கூடாது. நாங்களும் பிறர் வீட்டுக்குப் போகக்கூடாது. தாளிப்புக் கிடையாது. துவைத்த துணிதான் விரிக்க வேண்டும். பொருக்கு உதிர்ந்த பிறகுதான் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர். தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்துவது பற்றி நாங்கள் பின்னால் படித்ததில் பாதி இதில் இருக்கிறது. மீதிப் பாதிக்கு அப்பா பட்டறையிலிருந்து வரும் வழியில் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வந்தார். அம்மா அதையும் அம்மன் படத்தின் முன்னால் வைத்துத்தான் கொடுத்தாள்.

அந்த நாட்களில் அம்மா என்னிடம் சொல்லாமலே ஒரு நேர்த்தி நேர்ந்துகொண்டாள்: நான் தேர்வு எழுதிவிட்டால் மூன்று வருடம் பூக்குழி இறங்குவது. நான் எழுதினேன், எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கும் வந்தேன். சென்ற மாசியில் அம்மா முதல் வருடக் கடனைத் தீர்த்தாள். அதன் பிறகு ஆடியில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகாதீர்கள் என்றார் டாக்டர்.

பூக்குழியில் இறங்குபவர் பெரும்பாலும் சுட்டுக்கொள்ளாததற்கு இயற்பியல் துறைத் தோழி ஒருத்தி காரணம் சொன்னாள். மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் அதில் படும் நேரமும் மிகக் குறைவு. சரி. ஆனால் சுடுவதே தெரியாத காலுக்கு வேகமாக எடுத்து வைக்க வேண்டும் என்று யார் சொல்வது? புண் வந்தால் ஆறாது என்று எத்தனையோ முறை சொன்னேன். "அவ பாத்துக்குவா" என்பதே பதில். பூக்கட்டிப் பிழைக்கிற அம்மா. முழம் போடுவதில் ஒரு விரற்கடைகூடக் குறைக்கமாட்டாள். சாமிக்குச் சொன்ன சொல்லில் குறைப்பாளா?

கடைசியில் அப்பத்தாதான் வழி சொன்னாள். "பெத்தவ கடனைப் புள்ள தீத்தா ஆத்தா வேணாங்கவா?"

எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று சில தோழியர் கேட்டார்கள். அம்மாவின் காலைப் பற்றித்தான் நினைத்தேன். அதனால் பேரம் பேசினேன்: "நான் இறங்குறேன். நீ செருப்புப் போடணும். மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடணும்." இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு அம்மா சரி என்றாள். காப்புக் கட்டிக்கொண்டு, மஞ்சள் சேலையோடு பரிசோதனைக் கூடத்தில் தவளை எலும்புக்கூட்டை வரைந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த இதழைப் படிப்பார்கள். சிரிக்கட்டும்.

பூச்சொரிதலன்று ஊரெல்லாம் மணத்தது. அம்மா முந்தின இரவு முழுக்கக் கட்டியதில் ஒரு கூடையைக் காசு வாங்காமல் கோயிலுக்குக் கொடுத்தாள். பூக்குழி நாளில் வரிசை நகர நகர வயிற்றைக் கலக்கியது. எனக்கு முன்னால் ஒரு கிழவி, பின்னால் கைக்குழந்தையோடு ஒருவர். பாதத்தைவிட முகத்தில்தான் அனல் அதிகம் அடித்தது. எத்தனை அடி வைத்தேன் என்று எண்ண நினைத்திருந்தேன், எண்ணவில்லை.

வெளியே வந்து அம்மாவைத் தேடினேன். காணோம். செருப்போடு கோயில் எல்லைக்குள் நிற்பது பாவம், கழற்றினால் எனக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும் என்று தெருமுனையிலேயே நின்றுவிட்டாளாம். நான் இறங்கியதை அவள் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, இரண்டு காலையும் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்த்தாள். தினமும் இரவில் அவள் காலை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "இன்னும் ஒரு வருசம் இருக்குடி. மறந்துடாத."