தோற்றவர் விலகும் பந்தயம்

நாம் வசிக்கும் கெலவரப்பள்ளி, ஓசூருக்கு அணித்தே தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ளது. அவ்யாறு பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து வருதலால், நம்மூர் அணையினின்று வெளிப்படும் நீரில் வெண்ணுரை மலைபோற் பொங்குவதைப் பத்திரிகைகளிற் கண்டோர் பலர். அந்நகரத்தை நம்மவர் வைதற்கு அதுவே போதிய காரணம். எனினும், உதைபந்தாட்டத்தில் 1937ஆம் ஆண்டு அந்நகரத்தார் செய்த செயலொன்றை நம் மாணவர் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதலுற்றோம்.

தோற்ற குழு அன்றே விலகவேண்டும். வென்ற குழு மேற்செல்லும். சில கோப்பைப் பந்தயங்களின் விதி இவ்வளவே. பல மாதம் பயின்றவர் ஒரு மாலையிற் சோர்ந்தால் யாவும் வீண், கொடிய விதிதான். ஆயினும், பொருளும் ஓய்வும் இல்லாத எளியோர் வலியாரை ஆண்டு முழுவதும் எதிர்த்து நிற்றல் அரிது. ஒரு மாலை எதிர்த்து நிற்றல் கூடும். அதுபற்றியே இவ்விதியை நாம் விரும்புகின்றோம்.

இங்கிலாந்தில் 1871இல் தோன்றிய இவ்வழக்கம் அமெரிக்காவுக்கும் சென்றது. ஆங்கு 1885இல் ஏற்பட்ட அமெரிக்கக் கோப்பையை முதல் மூன்றாண்டும் வென்றவர், நியூ ஜெர்சி மாகாணத்துக் கிளார்க் நூல் ஆலையின் குழுவினர். 'நமது புதிய நூல்' என்று பொருள்படும் விற்பனைப் பெயரின் முதலெழுத்துக்களையே அக்குழு தன் பெயராகப் பூண்டிருந்தது. தையல் நூலின் பெயரால் ஒரு வீரர் கூட்டம்! தேசம் முழுவதற்கும் உரிய கோப்பை பின்னர் 1914இல் முதன்முதலாக வெல்லப்பட்டது. அதனைப் பெற்றது புரூக்ளின் குழு.

நம் நாட்டிலோ கோப்பைகள் பட்டாளத்தாருக்காகவே பிறந்தன. இந்திய சர்க்காரின் வெளிநாட்டுக் காரியதரிசியாயிருந்த ஸர் மார்ட்டிமர் டூராண்ட் 1888இல் சிம்லாவில் தம் பெயரால் ஒரு கோப்பையை நிறுவினார். 1891இல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை தொடங்கிற்று. முதலில் வென்றது உஸ்டர்ஷயர் பட்டாளம். 1911இல் மோகன் பகான் வீரர், ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, கல்கத்தாவில் கேடயம் வென்ற வரலாற்றை யாவரும் அறிவர். ஆனால் அக்கழகமே 1923இல் ரோவர்ஸ் இறுதியாட்டத்தில் டர்ஹாம் பட்டாளத்தாரிடம் தோற்றது. பம்பாய்க் கோப்பை அத்துணை எளிதில் இந்தியர் கைக்கு எட்டவில்லை.

அதனை எட்டிப் பிடித்தவர் பெங்களூர் முஸ்லிம்கள் என்னும் கழகத்தார். 1937இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் குழுவை ஒரு கோலால் வென்றனர். நாற்பத்தாறு ஆண்டுகளாகப் பட்டாளத்தாரிடமே இருந்த கோப்பை முதன்முறையாக ஓர் இந்தியக் குழுவிடம் வந்தது. மறு ஆண்டு ஆர்கைல் ஸதர்லாந்து ஹைலாண்டர் பட்டாளத்தை 3-2 என்ற கணக்கில் வீழ்த்தி அதனைத் தக்கவைத்துக்கொண்டனர். சென்னைப் படையைப் பின்பற்றிச் சென்ற தமிழர் பலர் குடியேறிய தண்டு அது. வெள்ளைச் சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று கண்டு பயின்ற பிள்ளைகள் அவ்வூரில் எத்தனை பேரோ!

அவ்வூர் சாரங்கபாணி ராமன் 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கெதிராக அடித்த கோலே ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதற் கோல். இந்தியர் 2-1 என்று தோற்று அன்றே விலகினர். கிடைத்த இரு பெனால்டி உதைகளும் கோலாகவில்லை என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு வருந்துகின்றது.

ரோவர்ஸ் கோப்பை 2001இல் நின்றுபோயிற்று. டூராண்ட் நடைபெறுகின்றது. கிளார்க் ஆலையின் குழு, கடல் கடந்து ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்கவந்தோர் பெருகிய ஊரில் எழுந்தது. நம் ஓசூர் ஆலைகளிலோ ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய தேயத்து இளைஞர் நிறைந்துள்ளனர். அவருள் பந்தாடத் தெரிந்தோர் பலர் இருக்கவேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் நம்மவரோடு அவர்கள் பழகும் இடம் இப்போது தேநீர்க் கடை ஒன்றே. ஆலைகளுக்குள் ஒரு கோப்பை வைத்தால் என்ன? எட்டுக் குழுக்கள் சேரின் ஏழு ஆட்டங்களில் பந்தயம் முடிந்துவிடும். பதினாறு சேரினும் பதினைந்தே. ஞாயிறு மாலைகளில் நடத்தலாம். மைதானம் தருவோர் யாரேனும் உளரேல் நமக்கு எழுதுக.