பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள்

மன்னாரில் நெட்வேர்க் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு இது.

இரண்டு சுவிட்சுகளுக்கிடையில் இரண்டு கேபிள் இழுத்து, அவற்றை ஒரே இணைப்பாக்க இரண்டு வழி உண்டு. ஸ்டாட்டிக் முறையில் சுவிட்ச் நாம் சொன்னதை அப்படியே நம்பும். எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்காது. மற்ற வழியான எல்ஏசிபி கேட்கும். 2000ஆம் ஆண்டு 802.3ஏடி தரத்தில் வந்த முறை அது. விநாடிக்கு ஒருமுறையோ 30 விநாடிக்கு ஒருமுறையோ இரு பக்கமும் பேசிக்கொள்ளும். தொடர்ந்து மூன்று முறை சத்தமில்லாவிட்டால் அந்தக் கேபிளை விலக்கிவிடும்.

பேசாலைப் பக்கம் ஒரு கட்டடத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டேன். உப்புக்காற்றில் மீடியா கன்வேட்டரின் பைபர் பக்கம் செத்துவிட்டது. செம்புக் கேபிள் பக்கம் பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. ஸ்டாட்டிக் சுவிட்ச் விளக்கை நம்பி அந்த வழியிலும் தரவை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு மேசைக்கு இணையம் வந்தது, பக்கத்து மேசைக்கு வரவில்லை. எல்ஏசிபிக்கு மாற்றியதும் எல்லோருக்கும் வந்தது.

இன்னொன்று. ஒரு ஜிகாபிட் கேபிள்கள் இரண்டைச் சேர்த்தால் ஒரு கோப்பு இரண்டு மடங்கு வேகத்தில் போகாது. பாலத்தில் எத்தனை வழி இருந்தாலும் ஒரு மீன் லொறி ஒரு வழியில்தான் போகும். பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும்போதுதான் பயன் தெரியும்.

எல்ஏசிபி தெரியாத பழைய சாதனத்துக்கு மட்டும் ஸ்டாட்டிக்கை வையுங்கள். மற்ற இடங்களில் எல்ஏசிபி போடுங்கள். ஒரு பக்கமாவது ‘அக்டிவ்’ ஆக இருக்கட்டும். இரண்டும் ‘பாசிவ்’ என்றால் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள்.