கணக்கில் வராத அறை

பழைய நோட்டுகளை எடைக்குப் போடுவதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தபோது 2015ஆம் ஆண்டின் குறிப்பேடு ஒன்று கையில் கிடைத்தது. அதன் நடுப்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, இடப்புறம் ‘வீடு’ என்றும் வலப்புறம் ‘பள்ளி’ என்றும் எழுதியிருந்தோம். கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் அதில் மாறி மாறி வருகின்றன. ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்துத் திருத்தியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பற்றி இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

சென்னை மடிப்பாக்கத்தில், 580 சதுர அடி அடுக்குமாடிக் குடியிருப்பில் அன்றும் இருந்தோம், இன்றும் இருக்கிறோம். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாத சமையலறை, கூடத்தை ஒட்டி ஒரே ஒரு குளியலறை. திருமணமான புதிதில், 2004இல் வாங்கியபோது தாராளமாகத் தெரிந்த வீடுதான். பிறகு மகள் பிறந்தாள், மகன் பிறந்தான். 2014இல் அப்பா காலமானதும் மன்னார்குடியிலிருந்து அம்மாவை அழைத்து வந்தோம். எங்களில் யாருடைய அம்மா என்பதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இருவரும் அம்மா என்றுதான் அழைத்தோம். அவருக்குச் செய்ததும் செய்யத் தவறியதும் இருவரையும் சேர்ந்தவை.

மன்னார்குடியில் அவர் வாழ்ந்தது வாடகை வீடுதான் என்றாலும் திண்ணை, முற்றம், கூடம், கொல்லை என்று நீண்டு கிடந்த வீடு. சென்னையில் அவருக்குக் கிடைத்தது கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு மடக்குக் கட்டில். இரவு எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அதை விரிப்பார். காலையில் பிள்ளைகள் எழுவதற்குள் மடக்கிவிடுவார். அவருடைய பெட்டி எங்கள் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மாற்றுப் புடவை எடுக்க வேண்டுமென்றாலும் எங்கள் அறைக் கதவைத் தட்ட வேண்டும். தட்டுவதற்குத் தயங்கி, முதல் நாளே எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

2015 அக்டோபரில் அடுத்த தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. மூன்று படுக்கையறை, 1,120 சதுர அடி, தரைத்தளம். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தரைத்தளம் உகந்தது. இருக்கும் வீட்டை விற்று, நகையையும் சேமிப்பையும் சேர்த்தால் கடன் 30 லட்சத்தோடு நின்றுவிடும். வட்டி ஒன்பதரை விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டுகள், மாதத் தவணை 27,964 ரூபாய். முதல் மாதத் தவணையில் 23,750 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,214 ரூபாய்தான். 20 ஆண்டுகள் கட்டி முடிக்கும்போது 67 லட்சம் ஆகியிருக்கும். இதெல்லாம் இடப்புறப் பத்தி.

வலப்புறப் பத்தியில் பள்ளி. மகள் நான்காம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. இருவருக்குமாக ஆண்டுக்கு 2,10,000 ரூபாய், வேனுக்கு மாதம் 3,000. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 2009இல் சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு ஒரு ரசீதும், ‘இதர செயல்பாடுகள்’ என்று மற்றொரு ரசீதும் எங்களுக்குக் கிடைத்தன. இரண்டாவது ரசீதைப் பற்றி எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாதக் கணக்கில் பார்த்தால் பள்ளிச் செலவு 20,500 ரூபாய். இரண்டு சம்பளங்கள் வந்தும் வீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம் இரண்டில் ஒன்றைத்தான் எங்களால் தாங்க முடியும். வருமான வரிக் கணக்கிலும் அன்று இதே நெருக்கடிதான். வீட்டுக் கடனின் அசலும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் 80சி என்ற ஒரே பிரிவுக்குள், ஒன்றரை லட்சம் என்ற ஒரே வரம்புக்குள் அடங்கியாக வேண்டும். அரசுக்கும் இவை ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும் செலவுகளாகவே தோன்றின போலும் என்று சிரித்துக்கொண்டோம்.

வீட்டை வாங்குவதென்றால் பிள்ளைகளை அருகிலிருந்த அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்ற வேண்டும். மோசமான பள்ளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாங்கள் இருவருமே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். இலக்கியக் கூட்டங்களுக்குப் போய் தாய்மொழிக் கல்வியைப் பற்றி ஆவேசமாகப் பேசியும் இருக்கிறோம். 2011இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் தம் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது அந்தச் செய்தியை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி மகிழ்ந்தோம். எங்கள் முறை வந்தபோதுதான் வேறுபாடு புரிந்தது. ஆட்சியர் செய்தால் அது முன்மாதிரி. நாங்கள் செய்தால், ‘கையில் காசில்லை போலிருக்கிறது’ என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் வாக்கியம் கூடிவராமல் நேர்முகத் தேர்விலிருந்து தலைகுனிந்து வெளியே வந்த அனுபவம் எங்கள் இருவருக்கும் உண்டு. பிள்ளைகளுக்கு அது நேரக் கூடாது என்று நினைத்தோம். அந்தப் பணத்தைக் கல்விக்கான விலை என்பதைவிட எங்கள் பழைய அவமானத்துக்குக் கட்டிய ஈடு என்று சொல்வதே பொருந்தும்.

ஒரு மாதம் விவாதித்தோம். குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம் என்றாலும் அந்த வீட்டில் எந்தப் பேச்சும் யார் காதிலும் விழாமல் போகாது. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னார்: “எனக்கெதுக்கு ரூமு? இன்னும் எத்தனை நாளைக்கு? புள்ளைங்க படிக்கட்டும்.”

அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அம்மாவே சொல்லிவிட்டார் என்று எங்களுக்குள் பலமுறை சொல்லிக்கொண்டோம். நம் வீடுகளில் வயதானவர்கள் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால் அதை இரண்டு முறையாவது மறுத்துக் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பண்பு. ஒரு டம்ளர் காபிக்குக்கூட மூன்று முறை உபசரிக்கிறோம். ஓர் அறைக்கு நாங்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

முன்பணம் கொடுக்க இயலாது என்று சொல்லிவிட்டோம். அடுத்த சில வாரங்களில், டிசம்பர் முதல் வாரத்து வெள்ளம் வந்தது. நாங்கள் வாங்காமல் விட்ட அந்தத் தரைத்தளத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டாம் தளத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்கு, பிறர் துயரத்தினூடே, தப்பித்தோம் என்ற நிம்மதியும் எழுந்தது. எங்கள் முடிவு சரியென்று மழையே வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைத்தோம். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் மாதம் வகுப்புகள் இணையவழியில் தொடங்கின. வீட்டுக்குப் பதிலாக நாங்கள் தேர்ந்தெடுத்த பள்ளி இப்போது வீட்டுக்குள் வந்து இடம் கேட்டது. ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்த மகள் மடிக்கணினியுடன் படுக்கையறையில். ஆறாம் வகுப்பு மகன் கைபேசியுடன் கூடத்தில். எங்களில் ஒருவர் சமையல் மேடையில் அலுவலக வேலை. மற்றவருக்கு நேரில் போக வேண்டிய பணி. அந்த ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், தனியார் பள்ளிகள் முதல் தவணையாக 40 விழுக்காடு கட்டணம் பெற்றுக்கொள்ளலாம் என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. குறித்த நாளுக்கு முன்பே அதைக் கட்டிவிட்டோம்.

அம்மா காலை எட்டரை மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு வெளியே, மாடிப்படியருகே போட்டுக்கொண்டு உட்காருவார். ஒரு மணிக்கு உள்ளே வருவார். காற்றோட்டமாக இருக்கிறது என்பார். கேட்க எங்களுக்கும் வசதியாக இருந்தது.

செப்டம்பரில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொரோனாவோ என்று நடுங்கிப்போனோம். சோதித்துப் பார்த்ததில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. இவர் தண்ணீரே குடிப்பதில்லையா என்று மருத்துவர் கேட்டார். வயதாகிவிட்டது, தாகம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நாங்கள்தான் பதில் சொன்னோம். அம்மா பேசாமல் இருந்தார்.

உண்மையைப் பத்து நாட்கள் கழித்து மகள் சொன்னாள். குளியலறைக்குப் போக வேண்டுமானால் கூடத்தைக் கடந்தாக வேண்டும். தம்பியின் கைபேசிக் காமிராவில் தெரிந்தாக வேண்டும். ஒருமுறை பாட்டி கடந்து போனபோது வகுப்பில் யாரோ சிரித்திருக்கிறார்கள். “கிளாஸ் முடியற வரைக்கும் வராதே பாட்டி” என்று அவன் கெஞ்சியிருக்கிறான். பதினோரு வயதுப் பிள்ளை. அவனைக் குற்றம் சொல்ல ஏதுமில்லை. அன்றிலிருந்து அம்மா காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

மறுநாளே கைபேசியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். மகனின் மேசையை நான்கு அடி நகர்த்தினோம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருந்தது. நான்கு அடிக்கு எந்த வங்கியிலும் கடன் கேட்க வேண்டியதில்லை.

2022இல் அம்மா இதயநோயால் காலமானார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது எங்களுக்குத் தெரியும். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பிள்ளைகள் இருவரும் ஆங்கிலத்தில் தயக்கமில்லாமல் பேசுகிறார்கள்; நாங்கள் விரும்பியது அதைத்தான். பள்ளியைத் தேர்ந்தது பிழை என்று இன்றும் எங்களால் சொல்ல முடியவில்லை. மறுபடியும் அதே அக்டோபர் வந்தால் அதையே தேர்ந்திருப்போமோ என்னவோ. ஆனால் பிள்ளைகளுக்காக நாங்கள் தியாகம் செய்தோம் என்று உறவினர்களிடம் சொல்லிவந்ததை நிறுத்திவிட்டோம். எங்களுக்கு ஓர் அறையும் கதவும் எப்போதும் இருந்தன.

எடைக்குப் போகவிருந்த குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை மறுபடியும் வரிவரியாகப் படித்தோம், அம்மாவின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று. ஓரிடத்தில் இருந்தது. ‘அம்மா, மருந்து 1,800’ என்று இரண்டு பத்திகளிலும் எழுதி, இரண்டிலும் பொதுவாக வருவதால் முடிவை மாற்றாது என்று அடித்துவிட்டிருந்தோம். அடித்த கோடும் அளவுகோல் வைத்துப் போட்டதுதான்.