ஏரிக்கரைப் பிள்ளைகளின் ஆங்கிலம்

பழவேற்காடு

அன்புள்ள மல்லிகாவுக்கு,

ஒரே ஓசையுள்ள ஆங்கிலச் சொற்களை உன் மாணவர்கள் குழப்பிக்கொள்வதாக எழுதியிருந்தாய். இங்கே கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும் டியூஷனைப் பார்த்தபோது உன் நினைவுதான் வந்தது.

'படகு கட்டியிருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறுமி, டி-ஐ-ஈ-டி (tied) என்பதற்குப் பதில் டி-ஐ-டி-ஈ (tide) போட்டிருந்தாள். இரண்டும் 'டைடு'தான். டீச்சரக்கா அடிக்கவில்லை, திருத்தவுமில்லை. "முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள ஏறுற ஓதத்தையா படகுல கட்டியிருக்கே?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். "டி-ஐ-ஈ (tie), கட்டு. கட்டியாச்சுன்னா அதோட இன்னொரு டி." அவ்வளவுதான் பாடம். அந்த ஓதம் நின்றால் மீன்வரத்து நிற்கும் என்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள். முகத்துவாரத்தை மணல் அடைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அடுத்து 'சோல்'. எஸ்-ஓ-எல்-ஈ என்றால் உள்ளங்கால், செருப்பின் அடி. அதேபோல் தட்டையாக இருப்பதால் நாக்கு மீனுக்கும் அதுவே பெயர். எஸ்-ஓ-யு-எல் என்றால் ஆன்மா. ஒரு பையன் நாக்கு மீனையே கொண்டுவந்து நோட்டின் மேல் வைத்துவிட்டான்!

நமக்கு இது புதிதா என்ன? வலையும் நண்டு வளையும் பேச்சில் எவ்வளவு நெருங்கினாலும் இந்தப் பிள்ளைகள் எழுத்தில் பிரித்துவிடுகிறார்கள். இரண்டிலும் கைவிட்டுப் பார்த்தவர்கள் ஆயிற்றே. ஆங்கிலத்திலும் கடலைக் குறிக்கும் 'சீ'யும் பார்ப்பதைக் குறிக்கும் 'சீ'யும் அறுநூறு வருடங்களுக்கு முன் வேறு வேறு ஓசைகள். பேச்சு மாறியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. குழப்பம் பிள்ளைகளின் மந்தபுத்தியால் வருவதல்ல. தயவுசெய்து இதை வகுப்பில் சொல்.

பேச்சில் ஓசை மாறுவது ஊர்ப் பெயர்களிலும் உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய ஊர் இது. ஐரோப்பியர் வாயில் பழவேற்காடு புலிகாட் ஆனது, கோழிக்கோடு காலிகட் ஆனது. இரண்டு ஊரிலும் நம் ழகரம் லகரமாகிவிட்டது. துணி வியாபாரத்திலோ கட்டம் போட்ட புலிகாட் கைக்குட்டை வேறு, காலிகட் பெயரில் வந்த காலிகோ வேறு. சரக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் குழப்பம் இருந்திருக்காது.

ஆகவே பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதே. உன் காஞ்சிபுரத்துத் தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு 'டை'யிலிருந்து தொடங்கு: டி-ஒய்-ஈ (dye) நூலுக்குப் போடும் சாயம், டி-ஐ-ஈ (die) சாவு. மீதியை அவர்களே தறியடியிலிருந்து எடுத்துக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
கலா